மழைக்கு முன்: களையும் மண்ணும்

தோட்ட உறவுகளே, வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை நெருங்கிவிட்டது. முதல் மழை விழுந்ததும் களை கிளம்பும். களைக்கொல்லி எது நல்லது என்று குழுவில் சிலர் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். உப்புக் கரைசலும் வேண்டாம். களை கருகும், கூடவே மண்ணும் உவர்ந்துபோகும்.

காலியாகக் கிடக்கும் பாத்தியில் இப்போதே தட்டைப்பயறோ, மண்ணுக்கு உரமாக மடக்கிவிடும் சணப்பைச் செடியோ நெருக்கமாக விதைத்துவிடுங்கள். தரையில் வெயில் படாவிட்டால் களை தலைதூக்குவது வெகுவாகக் குறையும். பூ எடுக்கும் தருணத்தில், சுமார் 45 நாளில், மண்ணோடு மடக்கிக் கொத்திவிட வேண்டும். தள்ளிப்போட்டால் தண்டு முற்றிவிடும், மட்க நாளாகும். கொத்துவதற்கு முன் ஒரு செடியை வேரோடு எடுத்து, வேரில் சிறு உருண்டையாக இருக்கும் வேர்முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) அது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

செடி நிற்கும் பாத்திக்கு மூடாக்குதான், அதாவது மண்ணை மூடிப் பரப்புவது. காய்ந்த இலை, வைக்கோல், நறுக்கிய தென்னோலை, எதுவானாலும் 3 அங்குல கனம் வேண்டும். தண்டை ஒட்டிப் போடாதீர்கள், அழுகும். தெருவில் சருகைக் குவித்து எரிப்பதைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை. கேட்டு வாங்கி வந்துவிடுங்கள்.

கோரை மட்டும் இதற்கெல்லாம் அடங்காது, மூடாக்கைக் குத்திக்கொண்டு வரும். மண் ஈரமாக இருக்கும்போது கொத்தி, கிழங்கைப் பொறுக்கியே ஆக வேண்டும். பார்த்தீனியக் களையைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுப் பிடுங்குங்கள்.

சணப்பை விதை வேண்டுவோர் ஞாயிறு மாலைக்குள் அளவைப் பதிவிடுங்கள், சேர்த்து வாங்கிவிடலாம்.