சிலை வைக்கும் முன்

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பூங்காவில் அந்த வெண்கலச் சிலையை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்யும் பொறுப்பு உன்னிடம் வந்ததில் எனக்கு ரொம்பப் பெருமை. மரத்தடியா, குளக்கரையா, பூப்பாத்தி நடுவிலா என்று கேட்டிருக்கிறாய். செடிகளோடேயே காலம் கழித்தவள் என்பதால் சொல்கிறேன்: சிலைக்கு ஏற்ற இடம் எது என்று தேடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் ஏற்கெனவே யார் குடியிருக்கிறார்கள் என்று பார். விடியும்போது போ, உச்சி வெயிலில் போ, இருட்டிய பிறகும் போ. ஒரே இடம்தான், ஆனால் வருகிற உயிர்கள் வேறு வேறு.

மரத்தடி வேண்டாம். பீடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினால் வேர் அறுபடும். மரம் தண்ணீர் உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேலே இரண்டடி மண்ணுக்குள்தான் இருக்கும், கிளை விரிந்திருக்கும் வட்டத்தையும் தாண்டி ஓடும். வெட்டியது உடனே தெரியாது. சில வருஷம் கழித்து உச்சிக்கிளை காயும்போது காரணம் யாருக்கும் நினைவிருக்காது. அப்புறம் பறவை எச்சம். அதிலிருக்கும் யூரிக் அமிலம் வெண்கலத்தின் மேல் பூசிய மெழுகையும் கெடுத்து உலோகத்தையும் அரிக்கும். சிலையைக் காப்பாற்றக் கிளையை வெட்டு என்பார்கள். அதில் கூடு இருந்தால் என்ன செய்வாய்?

குளக்கரை நல்ல இடம், ஆனால் கரை விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி, புல்வெளியில். விளிம்பும் கோரைப்புல்லும் நீர்ப்பறவைகளுக்கு வேண்டும். திறந்த வெளியில் சிலை தனித்துத் தெரியாதோ என்று பயப்படாதே. இங்கிலாந்துச் சிற்பி ஹென்றி மூர் 1940 முதல் 1986-இல் இறக்கும் வரை பெர்ரி கிரீன் என்ற சிற்றூரில் வாழ்ந்தார். அங்கே அவருடைய பெரிய வெண்கலச் சிற்பங்களுக்கு நடுவே செம்மறி ஆடுகள் மேயும். மாடோ குதிரையோ பக்கத்தில் நின்றால் சிற்பம் சிறுத்துத் தெரியும், ஆடு என்றால் அளவு சரியாக இருக்கும் என்பது அவர் கணக்கு. பக்கத்தில் உலவும் உயிரையும் சேர்த்துத்தான் அவர் சிற்பத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பார்வை மிகவும் பிடிக்கும்.

விளக்கு விஷயத்தில் மட்டும் நீ விட்டுக்கொடுக்கவே கூடாது. சிலை என்றதும் கீழிருந்து விளக்கு போட வேண்டும் என்று யாராவது கேட்பார்கள். உன் படத்தில் வேலியோரம் ரங்கூன் மல்லிக்கொடி தெரிகிறது. அந்தப் பூ மாலையில் வெள்ளையாக விரியும். மறுநாள் இளஞ்சிவப்பாகும், அதற்கும் பிறகு நல்ல சிவப்பாகும். வெள்ளையாக மணக்கும்போது நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகள் வரும், நிறம் ஏறிய பிறகு தேனீக்களும் சிறு பறவைகளும் வரும். பக்கத்திலேயே இரவெல்லாம் விளக்கு எரிந்தால் அந்துப்பூச்சி பூவை விட்டு விளக்கைச் சுற்றியே களைத்துப்போகும். அதைத் தின்ன வேண்டிய வௌவால்களில் சில வகைகள் வெளிச்சத்துக்குப் பயந்து அந்தப் பக்கமே வராது. பூங்கா மூடியதும் விளக்கு அணைய வேண்டும் என்று எழுத்திலேயே வாங்கிவிடு.

பீடத்தைச் சுற்றி என்ன நடுவது? அடுக்குப்பூ வகைகளைத் தவிர்த்துவிடு. பல அடுக்குப்பூக்களில் மகரந்தக் கேசரங்கள்தான் கூடுதல் இதழ்களாக மாறியிருக்கும். கண்ணுக்கு நிறைவாக இருந்தாலும் தேனீக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. ஒற்றை அடுக்குப் பூக்களை நடு. மூலையில் எருக்குக்கும் இடம் கொடு, சில பட்டாம்பூச்சிகளின் புழுக்களுக்கு அந்த இலைதான் சாப்பாடு. இலை ஓட்டையாகிறது என்று புகார் வந்தால் பக்கத்தில் ஒரு பலகை வைத்து காரணத்தை எழுதிவிடு. சொன்னால் ஜனங்களுக்குப் புரியும்.

பழைய கற்சிலைகளைக் கம்பித் தூரிகையால் தேய்க்கப் போகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைத் தயவுசெய்து நிறுத்து. கல்லின் மேல் திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும் கல்பாசி ஓர் உயிர், அதில் பல வகைகள் வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. தேய்த்தால் அதோடு கல்லின் மேல்தோலும் போய்விடும்.

குழந்தைகள் சிலையைத் தொடட்டுமா என்றும் கேட்டிருந்தாய். நார்வேயின் தலைநகர் ஆஸ்லோவில் இருக்கும் விகேலாந்து பூங்காவில் 200-க்கும் மேற்பட்ட சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே காலை உதைத்து அழும் வெண்கலச் சிறுவனின் ஒரு கை, ஜனங்கள் பிடித்துப் பிடித்தே பளபளவென்று ஆகியிருக்கிறது. எனக்கு அதில் வருத்தமில்லை. தொடட்டும், ஏற மட்டும் விடாதே.

பூங்கா வரைபடத்தில் மரங்களையும் நீ பார்த்த கூடுகளையும் குறித்து அனுப்பு. காலை வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்றும் எழுது, சிலையின் முகம் எந்தத் திசை பார்ப்பது என்று சேர்ந்தே யோசிப்போம்.

அன்புடன்,
அம்மா