முற்றத்தைச் சிமென்ட் போட்டு மூடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வீட்டுமனை இணைப்பில் தோட்டம் அமைப்பது பற்றி அவ்வப்போது வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவற்றில் வருகிற புல்தரை, செயற்கை அருவி, வெள்ளைக் கூழாங்கல் எல்லாம் இருபது சென்ட் இடமும் சம்பளத்துக்கு ஒரு தோட்டக்காரரும் இருக்கிற வீட்டுக்குத்தான் ஒத்துவரும். எங்கள் திருமங்கலம் பக்கம் புதிதாக முளைக்கிற நகர்களில் இரண்டரை, மூன்று சென்ட் மனைதான் அதிகம். வீடு போக முன்னால் பத்தடி, பக்கவாட்டில் மூன்றடி, பின்னால் குளியலறைத் தண்ணீர் போகிற ஒரு மூலை, அவ்வளவுதான் மிஞ்சும். பால் காய்ச்சிக் குடிபோன மறுமாதமே வீட்டுக்கடன் தவணை கழுத்தைப் பிடிக்கும். இந்த மாதிரி வீட்டுக்காரர்களுக்காகவும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இப்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான். மிஞ்சின இடம் முழுக்க பேவர் பிளாக், இல்லையென்றால் சிமென்ட் தளம். கல், எம்சாண்ட், ஆள்கூலி எல்லாம் சேர்ந்தால் நானூறு சதுர அடிக்கே பல ஆயிரம் ஓடிவிடும். அந்தப் பணத்துக்குக் கிடைப்பது என்ன? சித்திரை வைகாசி வெயிலில் காய்ந்த தளம் இருட்டின பிறகும் வெக்கையைக் கக்கிக்கொண்டே இருக்கும், ஜன்னலைத் திறந்தால் அந்தச் சூடு நேராக வீட்டுக்குள் வரும்.

மழைக் கணக்கையும் பாருங்கள். தமிழ்நாட்டில் வருஷத்துக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது, அதில் கிட்டத்தட்டப் பாதி அக்டோபரிலிருந்து டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். நானூறு சதுர அடி என்பது சுமார் 37 சதுர மீட்டர், ஆக அந்தச் சின்ன முற்றத்தில் மட்டும் வருஷத்துக்கு 33,000 லிட்டர் போல விழுகிறது. 12,000 லிட்டர் லாரி என்றால் ஏறக்குறைய மூன்று லோடு. மழைநீர் சேகரிப்பை 2003இல் கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. மாடித் தண்ணீருக்குக் குழாய் இறக்கிக் குழியும் தோண்டிவிட்டு, தரையில் விழுகிற தண்ணீரை மட்டும் வாட்டம் பார்த்துத் தளம் போட்டுத் தெருவுக்கு விரட்டுகிறோமே, இது என்ன நியாயம்?

வண்டி நிறுத்த வேண்டாமா என்று கேட்பார்கள். வேண்டும்தான், ஆனால் காருக்குச் சக்கரம் ஓடுகிற இரண்டு தடம் போதும், ஒவ்வொன்றும் ஒன்றரை அடி அகலம். நடுவிலும் ஓரத்திலும் மண் மண்ணாகவே இருக்கட்டும். நடைபாதைக்குக் கல் அறுக்கிற பட்டறைகளில் கடப்பாக்கல் துண்டுகள் கழிவாகக் குவிந்து கிடக்கும், கேட்டால் குறைந்த விலைக்குத் தருவார்கள். வீடு கட்டியபோது மிஞ்சின செங்கல்லும் ஆகும். சிமென்ட் குழைக்காமல், மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி, மேலே மணல் பரப்பி, கல்லுக்குக் கல் இரண்டு விரல் இடைவெளி விட்டுப் பதித்தால் தண்ணீர் அந்தச் சந்து வழியாக இறங்கிவிடும், நாளைக்கு வேண்டாம் என்றால் பெயர்த்து வேறு இடத்திலும் போட்டுக்கொள்ளலாம்.

செடி வைத்தால் பாம்பு வரும் என்ற பயம்தான் பாதிப் பேரைச் சிமென்டுக்குத் தள்ளுகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தப் பயத்தை நான் லேசாக நினைக்கவில்லை, பக்கத்தில் காலி மனையும் கண்மாயும் இருக்கிற ஊரில் அது நிஜமான பயம். ஆனால் பாம்பு எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. அது ஒண்டுகிற இடம் அடுக்கி வைத்த செங்கல், விறகுக் குவியல், மாதக்கணக்கில் நகர்த்தாத பழைய சாமான், குப்பை. முற்றம் முழுக்கத் தளம் போட்டுவிட்டு மூலையில் மிஞ்சின செங்கல்லை அடுக்கி வைத்திருக்கிற வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன், அங்கேதான் ஆபத்து அதிகம். சுவரை ஒட்டி ஒன்றரை அடிக்கு எதுவும் வைக்காமல் பெருக்கி வையுங்கள். புதர்ச்செடிகளின் அடிக்கிளைகளைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குக் கழித்துவிட்டால் செடிக்கடியில் என்ன இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்தே தெரியும். கதவோரம் சருகு மூடாக்கு வேண்டாம், அது தள்ளி இருக்கிற பாத்திக்கு மட்டும். ராத்திரி வாசலில் ஒரு விளக்கு எரியட்டும்.

செடிக்குக் காசு செலவழிக்கவே வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். செம்பருத்தி, நந்தியாவட்டை, மருதாணி, ஆடாதோடை, நொச்சி எல்லாமே குச்சியிலிருந்து வருபவை. பென்சில் பருமனில் முற்றின குச்சியாக, நாலு கணு இருக்கும்படி சாய்வாக வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நிழலான இடத்தில் ஊன்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் துளிர்த்துவிடும். எல்லாமே பிழைக்காது, பத்து ஊன்றினால் ஆறு வந்தால்கூட வேலிக்குப் போதும். கிளுவையும் பூவரசும் போத்து, அதாவது வெட்டின பருமனான கிளையை, நட்டு வைத்தாலே வந்துவிடும். தெருவில் ஆடு மாடு திரிகிற இடமென்றால் வெளிப்பக்கம் ஆடாதோடையும் நொச்சியும் வையுங்கள், அவற்றில் வாய் வைக்காது. அரளி அழகுதான், தண்ணீரும் அதிகம் கேட்காது, ஆனால் இலை, பூ, வேர் எல்லாமே விஷம், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் தயவுசெய்து வைக்காதீர்கள்.

புது வீட்டு மனையில் மண் மண்ணாகவே இருக்காது, கட்டட இடிசலும் காரைக்கட்டியும்தான் நிரப்பியிருப்பார்கள். அதில் குச்சியை ஊன்றிவிட்டு ராசியில்லை என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை. மரம் வைக்கிற இடத்தில் மட்டுமாவது இரண்டடிக்கு இரண்டடி குழி, இரண்டடி ஆழம் தோண்டி, கல்லையும் காரையையும் பொறுக்கிவிட்டு, வண்டல் அல்லது செம்மண்ணோடு மக்கின தொழுவுரம் கலந்து நிரப்ப வேண்டும். எங்களைப் போல் கரிசல் பூமியாக இருந்தால் கொஞ்சம் மணலும் சேர்த்தால் நல்லது, இல்லாவிட்டால் மழைக்குச் சேறாகி வெயிலுக்குப் பாளம் பாளமாக வெடித்துவிடும். முருங்கை வைக்கிறவர்கள் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம்.-1 ரக விதையைப் போடலாம், ஆறு மாதத்தில் பூ விட ஆரம்பித்துவிடும். கிளை சீக்கிரம் முறிகிற மரம் என்பதால் கூரைக்கும் மின்கம்பிக்கும் தள்ளி வைத்து, மூன்றடியில் நுனி கிள்ளி வளருங்கள்.

பச்சைத் தரைதான் வேண்டும் என்கிறவர்கள் கார்பெட் புல்லுக்குப் போகாதீர்கள், கோடையில் குடிக்கவே தண்ணீர் தேடுகிற ஊரில் அதற்குத் தினம் தண்ணீர் ஊற்ற முடியாது. வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாகப் படர்ந்து கிடக்கிற பொடுதலை இருக்கிறதே, பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதைக் கணுவோடு பிடுங்கி வந்து அரையடிக்கு ஒன்றாக மழைக்கு முன்னால் ஊன்றுங்கள். தரையோடு தரையாகப் படரும், மிதித்தாலும் தாங்கும், சின்னப் பூவுக்குப் பட்டாம்பூச்சி வரும். நம் அருகம்புல்லும் லேசுப்பட்டதில்லை. பெர்முடா புல் என்று விற்பதும் அதே இனம்தான்.

பின்பக்க மூலைக்கு வாழைதான். குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போகிற இடத்தில் முதலில் ஜல்லியும் மணலும் போட்ட சின்னத் தொட்டி, அதில் கல்வாழை, அதைத் தாண்டி இரண்டு வாழை. தண்ணீர் தேங்கி நிற்காமல் மண்ணுக்குள் இறங்கிவிட வேண்டும், நின்றால் கொசுதான் பெருகும். சாக்கடை வராத எத்தனையோ நகர்களில் தெருவில் ஓடுகிற அழுக்குத் தண்ணீர் இப்படி வீட்டுக்குள்ளேயே வாழைத்தாராக மாறலாம். மேற்கு வெயில் அடிக்கிற சுவரில் பழைய கொடிக்கயிறு கட்டி அவரை, பாகல், சங்குப்பூ ஏற்றினால் சுவர் சூடேறுவதும் குறையும். தண்ணீர் ரொம்பத் தட்டுப்பாடு என்றால், பழைய மண்பானையைச் செடியோரம் கழுத்து வரை புதைத்து நிரப்பி மூடி வைத்தால் கசிகிற ஈரமே வேருக்குப் போதும்.

நர்சரிக்காரர்கள் சீக்கிரம் வளரும், மறைப்பாக நிற்கும் என்று சொல்லி விற்ற கோனோகார்பஸ் என்கிற வெளிநாட்டு மரம் பற்றியும் ஒரு வார்த்தை. குஜராத் 2023இல் தடை செய்தது, தமிழ்நாட்டு அரசும் தடை போட்டுவிட்டது. சுற்றுச்சுவர் ஓரம் இன்னும் வைத்திருக்கிறவர்கள் அதை எடுத்துவிட்டு பூவரசோ புங்கனோ வைக்கலாம்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வனத்துறை நாற்றங்கால்களிலும் அரசு தோட்டக்கலைப் பண்ணைகளிலும் இலவசமாகவோ குறைந்த விலையிலோ கன்று கிடைக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. தெரிந்து போனாலும் அன்றைக்கு என்ன கன்று இருக்கிறது என்று தெரியாமல் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். உங்கள் வீட்டுமனை இணைப்பில் மாதம் ஒருமுறை, மாவட்ட வாரியாக, எந்தப் பண்ணையில் எந்தக் கன்று என்ன விலைக்கு இருக்கிறது, அந்த மாதம் எந்தக் குச்சியை ஊன்றலாம் என்று கால் பக்கம் ஒதுக்கினால் போதும். இதை ஆடி பிறப்பதற்குள் தொடங்கினால் இந்த வருஷ மழைக்கே ஆகும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்