கடந்துபோன முகங்களைத் தீட்டத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வழியில் ஒருமுறை கண்ணில் பட்டு, பெயர்கூடத் தெரியாமல் கடந்துபோன விளிம்புநிலை மனிதர்களின் முகங்களை நினைவிலிருந்து தீட்டிய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டு, அக்காட்சி நல்லபடியாக நிறைவுற்றிருக்கிறது. சுவரில் என் கையொப்பத்துடன் தொங்கிய அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் பலருடைய அறிவும் பொறுமையும் கலந்திருக்கின்றன. அவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்வது என் கடமை என்று கருதியே இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, நினைவிலிருந்து வரைவதை ஒரு முறையான பயிற்சியாக எனக்குக் கற்றுத்தந்த என் ஆசிரியருக்கு. பிரான்சு நாட்டு ஓவிய ஆசிரியர் லெக்கோக் த புவாபோத்ரான் 1848இல் இப்பயிற்சியைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார் என்பதையும், சிற்பி ரோதேன் அவரிடம் பயின்றவர் என்பதையும் என் ஆசிரியர் வாயிலாகவே அறிந்தேன். எளிய கோடுகளில் தொடங்கி, மூக்கின் பக்கவாட்டு வடிவம், பிறகு முழு முகம் என்று படிப்படியாக, பொருளைக் கண்ணெதிரிலிருந்து அகற்றிவிட்டு வரையச் சொல்லும் முறை அது. பார்க்கும் நொடியில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விட்டுவிடுவது என்பதை அந்தப் பயிற்சிதான் தீர்மானிக்கிறது. கன்ன எலும்புக்கும் தாடைக்கும் இடையில் வெளிச்சம் எங்கே முறிகிறது, தலை கழுத்தின்மேல் எந்தச் சாய்வில் அமர்ந்திருக்கிறது என்னும் இரண்டும் கைவசம் இருந்தால், மற்றவை மெல்ல மெல்ல வந்து சேரும்.

உளவியல் பயின்ற என் தோழி ஒருவருக்கு நான் பட்டிருக்கும் கடனும் சிறியதன்று. கண்ட முகத்தை உடனே குறிப்பேட்டில் சொற்களாக எழுதிவைக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே எச்சரித்தவர் அவர். ஸ்கூலர், எங்ஸ்ட்லர்-ஸ்கூலர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1990இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு காணொளியில் கண்ட திருடனின் முகத்தைச் சொற்களில் விவரித்தவர்கள், விவரிக்காதவர்களைவிடப் பிறகு அம்முகத்தை அடையாளம் காண்பதில் பின்தங்கினர் என்பதை அவர் விளக்கினார். முகத்தை நாம் முழுமையாகவே உள்வாங்குகிறோம். ‘அகன்ற மூக்கு’, ‘குழிந்த கண்’ என்று துண்டுபோட்டு எழுதத் தொடங்கியதும் அந்த முழுமை கலைந்துவிடுகிறது. ஆகவே, வீடு திரும்பியதும் நான் முதலில் தொட்டது கரித்துண்டைத்தான், பேனாவை அன்று. நினைவு என்பது எடுத்து வைத்த பிரதி அன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டி எழுப்பப்படுவது என்று உளவியலாளர் பார்ட்லெட் 1932இலேயே எழுதியிருப்பதையும் அத்தோழியே நினைவூட்டினார். இந்தப் படங்களைச் சான்றாவணம் என்று நான் ஓரிடத்திலும் உரிமை கொண்டாடாததற்கு அதுவே காரணம்.

கேமரா கையில் இருக்கும்போது நினைவை ஏன் நம்ப வேண்டும் என்று காட்சிக்கு வந்த சிலர் கேட்டனர். நடைபாதையில் உறங்கும் ஒருவரைக் கேளாமல் படமெடுப்பது, அவரிடம் எஞ்சியிருக்கும் கொஞ்சத் தனிமையையும் பறிப்பதாகும் என்பது என் உறுதியான எண்ணம். எழுப்பி அனுமதி கேட்டால், மறுக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்டதாகிவிடும். நினைவிலும் ஒரு வகை எடுத்துக்கொள்ளல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அது யாரையும் அசையாமல் நிற்கச் சொல்வதில்லை.

இந்த ஓவியங்களை உண்மைக்கு அருகில் கொண்டுவந்தவர் என்று ஒருவரை மட்டும் சுட்டச் சொன்னால், பல ஆண்டுகள் தலைச்சுமை தூக்கிப் பிழைத்த ஒரு முதிய அம்மையாரைத்தான் சுட்டுவேன். கல் சுமந்து செல்லும் பெண்ணின் படம் முடியும் தறுவாயில், நண்பர் ஒருவர் அவரை அழைத்து வந்தார். அதுவரை படத்தைப் பார்த்த எல்லோரும், பாதி தாழ்ந்த அந்த இமைகளில் சோகத்தையே கண்டிருந்தனர். அம்மையார் நெடுநேரம் பார்த்துவிட்டு, “சும இருக்கும்போது தலையக் குனிய முடியாதுய்யா, கண்ண மட்டும் தாழ்த்தித்தான் வழி பாக்கணும்” என்றார். பிறகு தம் விரலால் என் படத்தில் காதுக்குக் கீழே தொட்டு, கழுத்தின் இரு நரம்புகளும் அங்கே கயிறு போல விறைத்து நிற்கும் என்று காட்டினார். தாடை சற்று உள்ளிழுக்கப்பட்டிருக்கும் என்பதைத் தாமே நின்று காட்டினார். நான் கண்டு மனத்தில் வைத்திருந்த தோற்றத்துக்கு அப்போதுதான் பொருள் விளங்கியது. அந்த முகத்தில் இருந்தது வழியை அளக்கும் கவனம், ஒரு தொழிலின் தேர்ச்சி. ஏழையின் முகம் என்றாலே துயரத்தின் முகம் என்று பார்க்கப் பழகிவிட்ட நம் கண்களுக்கு அது எளிதில் புலப்படுவதில்லை. அன்றுமுதல் ஒவ்வொரு படத்தையும், அந்தந்த வேலையைச் செய்தவர் ஒருவரேனும் பார்க்காமல் வெளியே அனுப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். துப்புரவுப் பணியாளர்களும் குப்பை பிரிப்போரும் தங்கள் ஓய்வு நேரத்தை ஒதுக்கி வந்து பார்த்து, தயங்காமல் திருத்தம் சொன்னார்கள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் என் வணக்கம்.

கருத்த தோலின் நிழலைக் கறுப்பு வண்ணத்தால் அடைத்துவிடக் கூடாது என்று வலியுறுத்திய சக ஓவியருக்கும் நன்றி. பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பு வண்ணத்தையும் அல்ட்ராமரீன் என்னும் ஆழ்ந்த நீலத்தையும் கலந்து, ஒன்றைக் கூட்டியும் மற்றதைக் குறைத்தும் போனால், வெதுவெதுப்பான பழுப்பிலிருந்து குளிர்ந்த ஆழம் வரை எத்தனை படிகள் கிடைக்கின்றன என்பதை அவர் என் பலகையிலேயே கலந்து காட்டினார்.

படங்களுக்கு என்ன தலைப்பு வைப்பது என்பதில் நடந்த விவாதங்கள் நீண்டவை. 1820களில் பிரான்சு நாட்டு ஓவியர் ழெரிக்கோ தீட்டிய மனநலம் குன்றியோரின் உருவப்படங்களில் இன்று நன்கு அறியப்பட்ட ஐந்தும், அம்மனிதர்களின் நோய்ப்பெயராலேயே வழங்கப்படுகின்றன. அவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாமலே போயிற்று. 1943இல் வங்காளப் பஞ்சத்தை வரைந்த ஓவியர் சித்தப்பிரசாத்தோ, தாம் கண்ட பலரின் பெயரையும் ஊரையும் படத்தோடு குறித்துவைத்தார். எனக்குப் பெயர் தெரியாது. புனைந்து வைக்கவும் மனம் ஒப்பவில்லை. ‘பிச்சைக்காரர்’, ‘அனாதை’ போன்ற சொற்களை அறவே விலக்கி, கண்ட நேரத்தையும் அவர் செய்துகொண்டிருந்த செயலையும் மட்டும் எழுதலாம் என்று வழிகாட்டிய பதிப்பாசிரிய நண்பருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். ‘விடியலுக்கு முன், துடைப்பத்தின் கட்டை இறுக்கியவர்’ என்ற தலைப்பு அவர் திருத்திக் கொடுத்ததே.

சட்டமிட்டுக் கொடுத்தவர்கள், படங்களைக் கீறல் படாமல் ஏற்றி இறக்கியவர்கள், காட்சிக்கூடத்தை வாடகையின்றித் தந்தவர்கள், பார்வையாளரின் கண்மட்டத்தில் படத்திலிருப்பவரின் கண்கள் அமையும்படி ஒவ்வொரு படத்தையும் மாட்டிய இளைஞர்கள், இரவில் விளக்கெரிவதைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டார் ஆகிய அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

எஞ்சியிருப்பவர்கள், அந்த முகங்களுக்கு உரியவர்கள். இம்மடல் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும் என்று எனக்கு உறுதியில்லை. ஆயினும் ஒன்றைப் பொதுவில் பதிவு செய்கிறேன்: இப்படங்களில் எதிலேனும் தம் சாயலைக் காண்பவர், அதைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லலாம், தமக்கே தரும்படி கேட்கலாம், தம் பெயரைத் தலைப்பாக எழுதச் சொல்லலாம்; காரணம் எதுவும் கேட்கப்படாது. படங்களைப் பாதுகாத்துவரும் நண்பர்களும் இதற்கு எழுத்தில் ஒப்புதல் தந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் நன்றி உரியது.

என்றும் கடப்பாட்டுடன்,
இந்த ஓவியங்களைத் தீட்டியவர்