தார்ப்பாய் கொடுத்த பெண்ணுக்கும், திண்ணையில் படுத்தவருக்கும்

கஜா புயலுக்குப் பிறகு எங்களுக்குக் கை கொடுத்த, அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்களில் பாதிப் பேருடைய பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் யார் என்ன செய்தீர்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

நாளைக் காலையில் எங்கள் தோப்பில் வெட்டு. 2019 ஆடியில் வைத்த தென்னம்பிள்ளைகளில் காய் முற்றி, ஆள் ஏறுகிற முதல் வெட்டு. நூற்றிருபது பிள்ளை வைத்ததில் நாற்பத்திரண்டு மரம்தான் இப்போது காய்த்திருக்கிறது. வியாபாரி வண்டி ஆறு மணிக்கு வரும் என்றார். தூக்கம் வரவில்லை, உட்கார்ந்து எழுதுகிறேன்.

பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். கல்லணைக் கால்வாயின் கடைமடை. புது ஆறு என்று நாங்கள் சொல்லும் அந்தக் கால்வாயின் தண்ணீர் எங்கள் வயலுக்கு வந்து சேர்வதற்குள் குறுவைக் காலமே முடிந்துபோகும் என்று என் மாமனார் சொல்லுவார். நெல்லை நம்ப முடியாமல்தான் அவர் காலத்தில் வயலைத் தோப்பாக்கினார்கள். மூன்று ஏக்கரில் இருநூற்றுப் பத்து மரம், எல்லாம் நெட்டை ரகம். அறுபது நாளைக்கு ஒரு வெட்டு. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம், வீட்டுக்கு ஓடு, கோயிலுக்கு வரி, சொந்தத்தில் யாருக்கு என்ன முறை என்றாலும் எல்லாம் அந்த மரத்திலிருந்துதான். பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான், தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான் என்பார்கள். நாங்கள் தின்றுகொண்டிருந்தோம்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ஐப்பசி கடைசி நாள். கஜா என்று பெயர் வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரை ஏறுகிறது என்று ரேடியோவில் சொன்னபோது, அது அங்கேதானே என்று நினைத்துப் படுத்தோம். 1952 புயலைப் பார்த்த கிழவி ஒருத்தி பக்கத்துத் தெருவில் இருந்தார். அவர் மட்டும் சாயங்காலமே ஆட்டை அவிழ்த்துப் பள்ளிக்கூடத்துக் கட்டடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார். நாங்கள் சிரித்தோம்.

காற்று ஒரு பக்கமாக வீசி, கொஞ்ச நேரம் ஓய்ந்து, பிறகு திரும்பி மறுபக்கமாக வீசியது. முதல் காற்றில் ஆடி நின்ற மரம் இரண்டாவது காற்றில் முறிந்தது. விடிந்ததும் கொல்லைக் கதவைத் திறந்தால் எதிரே வெளிச்சம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கதவைத் திறந்தால் நிழல்தான் இருக்கும். தூரத்துக் கப்பிச்சாலை வீட்டிலிருந்து தெரிந்ததை அன்றுதான் பார்த்தேன். நூற்று எண்பத்தாறு மரம் கீழே கிடந்தது. இருபத்து நான்கு நின்றது. அதிலும் பதினொன்று கொண்டை திருகி, குருத்து காய்ந்து, தை மாதத்துக்குள் செத்துப்போயின. வரப்போரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நின்ற ஏழு பனையும் அப்படியே நின்றன.

முதலில் அந்த இரண்டு தம்பிகளுக்கு நன்றி சொல்கிறேன். மறுநாள் கார்த்திகை ஒன்று. திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு சின்ன யானை வண்டியில் மரம் அறுக்கும் மிஷினைப் போட்டுக்கொண்டு வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை. எங்கள் தெருவுக்குள் வரும் வழியில் பதினாறு மரம் குறுக்கே கிடந்தது. நீங்கள் அறுத்து ஒதுக்கிய பிறகுதான் நிறைமாதமாக இருந்த ஒரு பெண்ணைப் பட்டுக்கோட்டைக்குக் கொண்டுபோக முடிந்தது. மிஷினுக்குப் பெட்ரோல் போடவாவது காசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று என் வீட்டுக்காரர் நீட்டினார். வாங்கவில்லை. “நீங்க வச்சுக்குங்கப்பா, வேணும்” என்று ஒரு தம்பி சொன்னார். ‘வேணும்’ என்ற அந்த வார்த்தையில்தான் எங்களுக்கு நிலைமை உறைத்தது.

அடுத்தது தார்ப்பாய் கொடுத்த பெண்ணுக்கு. இதைத்தான் ஏழு வருசமாக எழுத நினைத்து எழுதாமல் இருந்தேன்.

எங்கள் வீட்டுக்குக் கேட்டு வந்தவர்கள் உண்டு. நாங்கள் கேட்டுப் போனதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லியே வளர்ந்த குடும்பம். ஓடு பறந்துபோன வீட்டுக்குள் மூன்று நாள் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தோமே தவிர, பள்ளிக்கூட வாசலில் நிவாரணம் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தும் போகவில்லை. நாலாம் நாள் நான் போனேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் தோப்பில் கீற்று முடைய வருகிற அக்கா. அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டார். அவருக்கும் இந்த மடலில் நன்றி உண்டு. சொன்னால் திட்டுவார்.

என் முறை வந்தது. ஒருவர் செல்போனைத் தூக்கிப் படம் பிடிக்க வந்தார். தார்ப்பாயும் மெழுகுவர்த்தியும் அரிசிப் பையும் நீட்டிய அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுதான் இருக்கும். கையைக் குறுக்கே நீட்டி, “அண்ணே, அக்காவைப் படம் எடுக்காதீங்க, கையெழுத்துப் போதும்” என்றது. எனக்கு முன்னால் நின்றவர்களையும் அந்தப் பெண் எடுக்க விடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அம்மா, நீ கொடுத்த தார்ப்பாய் பொங்கலுக்கு முன்பே கிழிந்துவிட்டது. அன்றைக்கு உன் கை குறுக்கே வந்ததே, அது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்தப் படம் எங்காவது வந்திருந்தால் என் வீட்டுக்காரர் தாங்கியிருக்க மாட்டார். இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை.

ஏனென்றால் அவர் அப்போது பேசுவதை நிறுத்தியிருந்தார். விழுந்த மரத்தின் மேல் போய் உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், கையைக் கழுவுவார், மறுபடி போய்விடுவார். பக்கத்து ஊர்களில் தோப்புக்காரர்கள் சிலர் தவறான முடிவெடுத்த செய்தி வந்துகொண்டிருந்த நேரம் அது. பூச்சி மருந்து டப்பாக்களையெல்லாம் நான் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய்ப் புதைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

சொல்லாமலே தெரிந்துகொண்டவர் எங்கள் பங்காளி, முறைக்கு எனக்கு மூத்தார். இருபது வருசமாக ஒரு வாய்க்கால் தகராறில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு கிடையாது. அஞ்சாம் நாள் ராத்திரி பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து, “எங்க வீட்டுல ஒழுகுது, இங்க படுத்துக்கிறேன்” என்று திண்ணையில் படுத்தார். அவர் வீடு தளம் போட்ட வீடு. ஒழுகாது. எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு மாதத்துக்கு மேல் தினமும் வந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து நடந்தால் அவரும் எழுந்து பீடி பற்ற வைத்துக்கொண்டு கூடவே நடப்பார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. வாய்க்கால் தகராறு இன்றைக்கும் தீரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அத்தான், அந்தத் திண்ணை உங்களுடையது.

மின்சாரம் இருபத்தாறு நாள் கழித்துத்தான் எங்கள் தெருவுக்கு வந்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மின்கம்பம் சாய்ந்த புயல் அது, கம்பம் நட ஆள் எங்கே போவது? வெளி மாவட்டத்து லைன்மேன்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். சேற்றில் முழங்கால் வரை நின்று, கயிறு கட்டிக் கம்பத்தை இழுத்தார்கள். மத்தியானம் எங்கள் வீட்டில்தான் நான்கு பேருக்குச் சாப்பாடு. நிவாரண அரிசியில் சோறு, விழுந்த மரத்துத் தேங்காயில் துவையல். அது மட்டும் ஏராளமாகக் கிடந்தது. அதில் ஒருவர் ஆகஸ்டு வெள்ளத்தில் தன் வீடு ஜன்னல் வரை மூழ்கியதை மலையாளமும் தமிழும் கலந்து சொன்னார். “அப்போ உங்க ஆளுங்க வந்து, சேச்சி” என்றார். யார் வந்தது என்று நான் கேட்கவில்லை. அண்ணா, உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தேங்காய் வியாபாரி ஒருவருக்கும் கடன்பட்டிருக்கிறேன். தீபாவளிக்கு முன்னால் அவரிடம் முப்பதாயிரம் அட்வான்ஸ் வாங்கியிருந்தோம். காய் கொடுக்க மரம் இல்லை. அரசு நிவாரணம் மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அப்புறப்படுத்த 500, ஆக 1,100 என்று வந்தபோது அதிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். “பிள்ளை வச்சுக் காய்க்கட்டும், அப்பப் பாப்போம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வட்டிக்கு விடுகிறவர் அவர். ஊரில் அவரைப் பற்றி நல்லதாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நானும் சொன்னதில்லை. நாளைக்கு ஆறு மணிக்கு வருவது அவருடைய வண்டிதான்.

வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த அந்த அம்மாவை மறக்க முடியாது. நாங்கள் அழுதுகொண்டு நின்றபோது நீங்கள் ஆறுதல் சொல்லவில்லை, “விழுந்த மரத்தை அப்படியே போட்டு வைக்காதீங்க, மக்கினா காண்டாமிருக வண்டு முட்டை வைக்கும், நிக்கிற மரமும் போயிடும்” என்றீர்கள். அன்றைக்குக் கோபமாக வந்தது. ஆனால் வேலை என்று ஒன்றைக் கையில் கொடுத்தது நீங்கள்தான். மரத்தை அறுத்துச் செங்கல் சூளைக்குத் தள்ளினோம். அவர்கள் கேட்ட விலை எழுதத் தகுதியில்லாதது. ஆமணக்குப் புண்ணாக்கைத் தண்ணீரில் ஊறவைத்துப் பானை பானையாகத் தோப்பில் வைத்தேன், வாடைக்கு வண்டு வந்து விழுந்தது. குருத்துக்குள் போனதைக் கம்பியால் குத்தி எடுக்கவும், மட்டை இடுக்கில் வேப்பங்கொட்டைத் தூளையும் மணலையும் கலந்து போடவும் நீங்கள்தான் கற்றுக்கொடுத்தீர்கள். ஒரு நாள் என் வீட்டுக்காரர் நான் வண்டு குத்துவதைப் பார்த்துவிட்டு, “அப்படிக் குத்தினா குருத்து போயிடும், கொடு” என்று கம்பியைப் பிடுங்கினார். மூன்று மாதத்துக்குப் பிறகு அவர் தானாகப் பேசிய முதல் பேச்சு.

தென்னையை மட்டும் நம்பாதீர்கள் என்றும் நீங்கள்தான் சொன்னீர்கள். இருநூற்றுப் பத்து இருந்த இடத்தில் நூற்றிருபதோடு நிறுத்தினோம். மூன்றடிக் குழி, இருபத்தைந்தடி இடைவெளி. மிச்ச இடத்தில் எலுமிச்சை, பலா, வாழை. வரப்பில் நானே பனங்கொட்டை ஊன்றினேன். அதைப் பார்க்க நான் இருக்க மாட்டேன், பரவாயில்லை. 2019இல் இளைஞர்கள் சேர்ந்து பேராவூரணிப் பெரிய குளத்தைத் தூர் வாரினார்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் என் கும்பிடு. கிணற்றில் நீர் மேலே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்போது வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவர், “எல்லாம் நன்மைக்கே, கஷ்டந்தாம்மா மனுசனைப் பக்குவப்படுத்தும்” என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துவிட்டுப் போனார். அவருக்கு இந்த மடலில் நன்றி இல்லை. பக்குவப்பட்டது உண்மைதான். நாற்பத்தேழு வயதில் டிவிஎஸ் எக்ஸெல் ஓட்டப் பழகினேன், மோட்டாருக்கு ஃபியூஸ் போடப் பழகினேன், வியாபாரியிடம் எண்ணிக்கையில் சண்டை போடப் பழகினேன். முக்காடு போடாமல் வரிசையில் நிற்கவும் பழகினேன். கொரோனாவில் ரேஷன் கடை வாசலில் நின்றபோது எனக்குப் பின்னால் ஒரு பெண் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள். நகர்ந்து என் பக்கத்தில் இடம் விட்டேன். ஆனாலும் இருநூற்றுப் பத்து மரத்தைத் திருப்பித் தருகிறேன், பழையபடி ஆகிவிடு என்று யாராவது சொன்னால், ஒரு நிமிசம் யோசிப்பேன் என்றுதான் சொல்ல முடியும். தேங்காய் இன்றைக்கு விற்கிற விலைக்கு இரண்டு நிமிசம்கூட யோசிப்பேன். காற்றுக்கு நான் நன்றி சொல்ல மாட்டேன். அது மரத்தைத்தான் சாய்த்தது. மற்றதெல்லாம் நீங்கள் செய்தது.

திருப்பூர்த் தம்பிகளே, கேரளத்து அண்ணா, தார்ப்பாய்க்காரப் பெண்ணே, இந்தப் பக்கம் வந்தால் பேராவூரணி கடைத்தெருவில் இறங்கி, கஜாவுக்குப் பிறகு எக்ஸெல் ஓட்டக் கற்றுக்கொண்ட அம்மா வீடு எது என்று கேளுங்கள், காட்டுவார்கள்.

திண்ணையில் இருமல் சத்தம் கேட்கிறது. அத்தான் பாயோடு வந்திருக்கிறார் போல. நாளைக்கு வெட்டு என்றால் காவலுக்கு ஆள் வேண்டுமாம். காலையில் முதல் மரத்துக் காயில் இருபதைத் தனியாகப் போடச் சொல்ல வேண்டும். வண்டியில் ஏற்றிவிடுவார்கள், நான் அங்கே நிற்க வேண்டும்.

அன்புடன்,
கடைமடையிலிருந்து ஒரு தோப்புக்காரி