மோளின் படிப்பு பற்றி தங்கராஜுக்கு

நாகர்கோவில்

அன்புள்ள தங்கராஜ்,

கடிதம் கிடைத்தது. மழையில் ரப்பர் பால்வெட்டு முடங்கிக் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறாய். இங்கே நாஞ்சில் பக்கம் கன்னிப்பூ நெல் அறுப்பையும் அதே மழைதான் கெடுக்கிறது. அண்ணிக்கு முட்டுவலி குறைந்தது கேட்டு நிம்மதி.

உன் மோள் ‘சைல்ட்ஹுட் ஸ்டடீஸ்’ படிக்கப்போகிறேன் என்கிறாள், அது பால்வாடி டீச்சர் வேலைக்கான படிப்பா என்று கேட்டிருக்கிறாய். இல்லை மக்கா. சிறு பிள்ளைகளைப் பராமரிப்பது அதில் ஒரு மூலைதான். யாரைக் குழந்தை என்கிறோம், அதை யார் முடிவுசெய்தார்கள், அதில் அந்தப் பிள்ளையின் பேச்சு எடுபடுகிறதா என்பதையெல்லாம் உளவியல், வரலாறு, சட்டம், மானுடவியல், பொதுச்சுகாதாரம் என்று பல பக்கமிருந்து பார்க்கிற பட்டம். இங்கிலாந்தில் பல பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் படிப்பாக இருக்கிறது. அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கேம்டன் வளாகத்தில் இதற்கென்றே தனித்துறை, 2007 முதல் முனைவர் பட்டம் வரைக்கும். நம் நாட்டில் இதற்கு நெருக்கமாகச் சொல்வதென்றால் மனையியலுக்குள் இருக்கும் ‘ஹியூமன் டெவலப்மென்ட்’.

தோவாளையில் பள்ளி விட்டு வந்து திண்ணையில் பிச்சிப்பூ கட்டுகிற பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளையை எடுத்துக்கொள். 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்குள் எந்த வேலையும் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கும் தருகிறது. பூ வியாபாரியுடையது, கட்டுக்கு இவ்வளவு என்று கூலி அம்மா கைக்கு வருகிறது என்றால் அது குடும்பத் தொழிலா? சட்டம் படித்தவர் அங்கே நிற்பார். பொருளாதாரக்காரர் கூலிக் கணக்கைக் கேட்பார். மானுடவியல்காரர் அந்தப் பெண்ணிடமே கேட்பார். அக்கம்பக்கத்துச் சேக்காளிகளோடு உட்கார்ந்து பேசக் கிடைக்கிற ஒரே நேரம் அதுதான் என்று அவள் சொல்லலாம், விரல் வலிக்கிறது என்றும் சொல்லலாம். இத்தனை பேரும் ஒரே திண்ணையைப் பார்க்க வேண்டும். அதுதான் இந்தப் பட்டத்தின் உயிர்.

வயதுக் கணக்கே ஒரு தனிக் கூத்து. கல்வி உரிமைச் சட்டத்துக்கு 6 முதல் 14 வரை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கிற போக்சோ சட்டத்துக்கு 18. 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தில் ஆணுக்கு 21. அதாவது ஓட்டுப் போட்ட இருபது வயதுப் பையனும் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைதான்.

உளவியலைத் தனியாகப் படித்தால் எங்கே சறுக்கும் என்பதற்கு ஓர் உதாரணம். இரண்டு வரிசையில் ஆறு ஆறு புளியங்கொட்டை வை. ஐந்து வயதுப் பிள்ளை இரண்டும் சமம் என்பாள். ஒரு வரிசையை அகலப்படுத்திவிட்டு மறுபடி கேட்டால் நீளமானதில்தான் கூடுதல் என்பாள். இந்த வயதில் எண்ணிக்கை மாறாது என்ற அறிவு வரவில்லை என்று சுவிஸ் உளவியலாளர் பியாஜே முடிவுகட்டினார். 1970களில் மெக்காரிகிள், டொனால்ட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதே சோதனையில் ஒரு குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து வரிசையைக் கலைப்பதுபோலச் செய்தார்கள். சரியாகச் சொன்ன பிள்ளைகள் வெகுவாகக் கூடிவிட்டார்கள். பெரியவர் ஒருவர் கலைத்துவிட்டு அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதல் பதில் தப்புபோல என்றுதான் பிள்ளை நினைக்கும். பிள்ளைகளிடம் பேட்டி எடுக்கப்போகிற மாணவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்: ஒரே கேள்வியை இரண்டு முறை கேட்காதே, ஆமாம்-இல்லை என்ற பதில் வருகிற மாதிரியும் கேட்காதே. பெற்றோர் சம்மதம் வாங்கியது போதாது, பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை எழுந்து போனால் பேட்டி முடிந்தது என்று அர்த்தம்.

பொதுச்சுகாதாரப் பக்கம் வந்தால், பிள்ளையின் ஊட்டம் பார்க்கிற அங்கன்வாடிப் பயிற்சியில் பல பிழைகள் அளப்பதில்தான் வரும். ஆறு மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள பிள்ளைக்கு இடக்கையில் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அளவு நாடாவைச் சுற்ற வேண்டும். கை தளர்ந்து தொங்க வேண்டும், நாடா சதையை அழுத்தக் கூடாது. 11.5 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து நீளம், அதன்பின் நிறுத்தி உயரம். படுக்க மறுக்கிற சிறு பிள்ளையை நிறுத்தி அளந்தால் 0.7 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ள வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் வயது தப்பினால் வயதுக்கேற்ற எடை என்ற கணக்கே தப்பும். வயதைக் கூட்டி எழுதினால் நல்ல பிள்ளை மெலிந்ததாகத் தெரியும், குறைத்து எழுதினால் மெலிந்த பிள்ளை நன்றாக இருப்பதாகத் தெரியும்.

வரலாற்றுக்காரருக்கும் இந்த வயதுதான் தலைவலி. பள்ளியில் சேர்ப்பதற்காகவே மே மாதப் பிறந்தநாள் போட்டுக்கொண்டவர்கள் நம் தலைமுறையில் எத்தனை பேர்! 1956க்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலச் சேர்க்கைப் பதிவேடு கையில் கிடைத்தால் அதில் ஆவணியில் பிறக்கிற கொல்லம் ஆண்டு இருக்கலாம். அதை ஆங்கில ஆண்டாக்க ஆவணி முதல் டிசம்பர் வரை 824, ஜனவரியிலிருந்து ஆடி முடிய 825 கூட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் 825 போட்டால் ஆவணிக்கும் டிசம்பருக்கும் இடையில் பிறந்த பிள்ளைக்கு ஒரு வயது பிசகும்.

இந்தப் படிப்பின் பெரிய ஆபத்து நுனிப்புல் மேய்வது. செமஸ்டருக்கு ஐந்து துறை, ஒவ்வொன்றிலும் ஓர் அறிமுகம், அதோடு சரி. இரண்டாம் ஆண்டிலேயே ஆய்வு முறையியலும் ஆய்வு அறமும் தனித்தாளாக வருகிறதா, களப்பணி ஒரே இடத்தில் இரண்டு செமஸ்டராவது நீள்கிறதா, அந்தக் களக்குறிப்பை இரு வேறு துறை ஆசிரியர்கள் சேர்ந்து திருத்துகிறார்களா என்று பார். “பையன் கோபப்பட்டான்” என்று குறிப்பெழுதுகிற மாணவியை, “சிலேட்டைத் தள்ளினான், திரும்பி உட்கார்ந்தான்” என்று எழுதவைக்க ஆசிரியருக்குப் பொறுமை வேண்டும். அது ஒரு செமஸ்டரில் வருவதில்லை.

இனி வேலை. இதை மட்டும் வைத்து ஆசிரியராக முடியாது. இங்கே அதற்கு டி.எல்.எட். அல்லது பி.எட். என்ற ஆசிரியர் பயிற்சி வேண்டும், இங்கிலாந்திலும் ஆசிரியர் தகுதி தனி. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்டவும் முடியாது, அதற்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனம், சமூகப்பணியில் முதுநிலை, சட்டம் என்று போகலாம். ஆனால் அரசு வேலை அறிவிப்பில் பட்டத்தின் பெயரைப் பார்ப்பார்கள். பெயர் புதிதாக இருந்தால் அறிவிப்பில் கேட்ட பட்டத்துக்குச் சமமான இணைப்பட்டம் என்று அரசாணை இருக்கிறதா என்று கேட்பார்கள். படித்து முடித்தபின் அதற்காக அலைவதை விட, பணம் கட்டுமுன் கல்லூரியிடம் எழுத்தில் கேட்டு வாங்கு. வாய்ப்பேச்சில் தருகிற உறுதி செல்லாது.

மூன்றாம், நான்காம் செமஸ்டர் பாடத்திட்டப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பு. முதல் செமஸ்டர் வேண்டாம், அது எல்லாக் கல்லூரியிலும் அழகாகத்தான் இருக்கும். பார்த்துவிட்டு மோளிடமே பேசுகிறேன்.

அன்புடன்,
ஜெபா