நம் பெரணி (ஃபெர்ன்) சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல மயிலாப்பூரில் நடந்தன. டிசம்பர் கூட்டம் மட்டும் மழையால் தள்ளிப்போனது. பள்ளி மாணவர்களுக்கு ஒருநாள் வகுப்பு நடத்தினோம். ஆரைக்கீரையும் ஒரு பெரணிதான் என்று சொன்னபோது பிள்ளைகளை விடக் கூட வந்த பெற்றோர்தான் அதிகம் ஆச்சரியப்பட்டார்கள்.

ஏற்காடு பயணத்துக்கு வேன் கொள்ளாத கூட்டம். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு காபித் தோட்ட ஓரங்களில் மட்டும் பார்த்தோம். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் ஓர் இலையைக்கூட எடுக்கக் கூடாது என்பதை மறுபடியும் நினைவூட்டுகிறேன். வெள்ளிப் பெரணியின் இலையைச் சட்டையில் அழுத்தி வெள்ளை அச்சுப் பதித்து எல்லோரும் படம் எடுத்துக்கொண்டோம். அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்து இங்கே பரவிய செடி.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மறைந்த மூத்த உறுப்பினர் ஒருவர் பல ஆண்டுகளாகச் சேர்த்த உலர்தாள்களை (அழுத்திக் காயவைத்த செடி மாதிரிகளை) அவர் குடும்பத்தார் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். பெரும்பாலும் சேர்வராயன், கொல்லிமலைப் பகுதிப் பெரணிகள். செய்தித்தாளுக்குள் மடித்து வைத்திருந்தவை, சில தாள்களில் இராமபாணப் பூச்சி. இவற்றை ஒட்டி, பெயர் சரிபார்த்து, தாவரக் குடும்பவாரியாக அடுக்குவது என்று முடிவெடுத்து, ஞாயிறு காலைகளில் வேலை என்று அறிவித்தோம். ஏற்காட்டுக்கு வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கு வந்திருந்தால்கூட இந்நேரம் வேலை முடிந்திருக்கும். வந்தது எப்போதும் அதே இரண்டு மூன்று பேர்தான்.

மலைக்குப் போவது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பெரணியை அடையாளம் காண்பது மேஜையில்தான் நடக்கிறது. பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் வெட்டு அழகாக இருக்கிறது என்று மேலிருந்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் போட்டு, ‘பெயர் சொல்லுங்கள் சார்’ என்றால் யாராலும் சொல்ல முடியாது. இலையைத் திருப்ப வேண்டும். அடியில் பழுப்பாகத் தெரியும் வித்தகக் குவியல் (விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் வித்துத்தூள் பைகளின் கூட்டம்) நீளக் கோடாக நரம்பை ஒட்டிப் போனால் ஆஸ்பிளீனியம் என்ற பேரினத்தின் பக்கம் தேடலாம். நடுநரம்பின் இருபுறமும் ஒட்டினாற்போல ஓடினால் ப்ளெக்னம் கூட்டம். மடிந்த இலை விளிம்பின் அடியில் தொடர்ச்சியாக ஓடினால் டெரிஸ். துண்டு துண்டாக மடிந்த விளிம்பிலேயே வித்தகங்கள் ஒட்டியிருந்தால் அடியாண்டம். மட்டத்தண்டின் (கிடையாகப் படரும் தண்டு) நுனியில் செதில் இருக்கிறதா, வெறும் ரோமமா என்றும் பார்க்க வேண்டும். கொல்லிமலை முடவாட்டுக்கால் கிழங்கைச் சூப்புக்கு வாங்குபவர்கள் சுரண்டிப் போடும் பழுப்புப் போர்வை இந்தச் செதில்தான்.

அந்தக் கட்டுகளில் ஒரே பெயர் எழுதிய இரண்டு தாள்கள் இருந்தன. மேலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. இலைக்காம்பின் அடியை நனைத்து, பிளேடால் குறுக்கே சீவி, பத்து மடங்கு லென்ஸில் பார்த்தோம். ஒன்றில் பட்டை போன்ற இரண்டு குழாய்க் கற்றைகள் (நீரும் உணவும் கடத்துபவை), இலை நரம்பின் மேல் ஊசி போல் வெள்ளை ரோமம்: தெலிப்டெரிஸ் குடும்பம். மற்றதில் வில் வடிவில் பல சிறு கற்றைகள், காம்பின் அடியில் அகலமான செதில்கள்: ட்ரையாப்டெரிஸ். இப்படி ஒரு தாளைத் தீர்க்கவே ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. ஆள் ஏன் வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பீரோ அடுக்கை ஏன் மாற்றினீர்கள் என்று சிலர் கேட்டார்கள். ஒரு காலத்தில் பெரும்பாலான பெரணிகளைப் பாலிபோடியேசி என்ற ஒரே குடும்பத்தில் போட்டு வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகளுக்குப் பிறகு, 2016-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட வகைப்பாட்டில் பெரணிகள் மட்டும் 48 குடும்பங்கள், 10,500-க்கு மேற்பட்ட இனங்கள். முன்பு தனியே வைத்திருந்த குதிரைவால், சைலோட்டம் என்ற செடிகளும் பெரணிகளோடு சேர்ந்துவிட்டன. செலாஜினெல்லா என்ற செடி வகை தனிக் கிளை. பழைய ப்ளெக்னம் ஓரியன்டேல் இப்போது ப்ளெக்னாப்சிஸ். பழைய பெயரையும் சீட்டில் விட்டிருக்கிறோம், எதையும் அழிக்கவில்லை. இந்த முடிவு செயற்குழுவில் பேசி எடுத்தது. அன்று வராதவர்கள்தான் இன்று கேட்கிறார்கள்.

1860-களில் வன அதிகாரி பெட்டோம் தென்னிந்தியப் பெரணிகளுக்கான படநூலை வெளியிட்டது இதே சென்னையில்தான். நரம்பையும் வித்தகத்தையும் பெரிதாக்கி வரைந்த அந்தப் படங்கள் இன்றும் உதவுகின்றன. அந்த ஊரில் இருந்துகொண்டு, சேர்வராயன், கொல்லிமலைப் பெரணிகளுக்குத் தமிழில் எளிய இனங்காணும் அட்டவணை ஒன்று போட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முதல் பகுதி கையெழுத்துப் படியாகத் தயார். சந்தேகமான தாள்களை அனுமதி பெற்றுக் கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்துக்கு எடுத்துப்போய் ஒப்பிட வேண்டும்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். சுருக்கமாக, இருப்பு ஏறக்குறைய போன ஆண்டு அளவில்தான் நிற்கிறது. இரும்பு பீரோ, அட்டை, நாப்தலீன் உருண்டை வகையில் கொஞ்சம் கூடுதலாகச் செலவு. ஒரு நன்கொடை வந்து ஈடுகட்டியது. சந்தா பாக்கி நிறைய. ஒரு ஹோட்டல் டிபன் செலவுகூட ஆகாத தொகையை இரண்டு ஆண்டுகளாகக் கட்டாதவர்கள் இருக்கிறார்கள். பெயர்களை இங்கே படிக்கப் போவதில்லை, பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

இடம் தந்தவர்களுக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், தணிக்கையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினருக்கும் நன்றி.

வரும் ஆண்டு புதிய பயணம் எதுவும் திட்டமிடவில்லை. இருக்கும் தாள்கள் முடியட்டும் என்பது என் கருத்து. பொதுக்குழு வேறு மாதிரி நினைத்தால் கட்டுப்படுகிறேன். செயலாளர் பொறுப்பைத் தொடரச் சொன்னால் தொடர்வேன். ஆனால் பீரோ சாவியை வாங்கிக்கொண்டு மாதத்தில் இரண்டு ஞாயிறாவது மேஜையைப் பார்த்துக்கொள்ள ஒருவர் முன்வர வேண்டும். முன் அனுபவம் தேவையில்லை, கண்ணும் பொறுமையும் இருந்தால் மற்றதை நாங்கள் சொல்லித் தருகிறோம். வெளியூர் போக முடியாதவர்கள் நகரத்தின் பழைய கிணற்றுச் சுண்ணாம்புச் சுவர்களில் வளரும் டெரிஸ் விட்டேட்டாவிலிருந்து தொடங்கலாம். மண்ணிலிருந்து ஆர்செனிக்கை உறிஞ்சிச் சேர்த்துவைக்கும் செடி என்று 2001-ல் உலகமே பேசிய பெரணி அது.

அடுத்த வேலை நாள் வரும் ஞாயிறு காலை ஒன்பது மணி. சந்தாவை அன்றே கையோடு கொண்டுவந்தால் ரசீது தயாராக இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்