லஃபயெட்டிலிருந்து அப்பா

அன்பு மகளுக்கு,

லஃபயெட்டில் அப்படி என்னப்பா இருக்கிறது என்று கேட்டாய். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, அதனால் எழுதுகிறேன்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் இருக்கிற இந்த ஊரில் டவுன்டவுன் என்பது ஜெஃபர்சன் தெருவும் அதை ஒட்டிய சில வீதிகளும்தான். இந்த ஊர்க்காரர்களில் பலருடைய முன்னோர் இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் விவசாயம் பார்த்த பிரெஞ்சுக்காரர்கள். அகேடியர்கள் என்று பெயர். 1755-இல் பிரிட்டிஷார் அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றித் துரத்தினார்கள். அலைந்து திரிந்து ஒரு கூட்டம் 1765-இல் லூசியானா வந்து சேர்ந்தது.

அம்மாவுக்கு இப்போது கம்போ என்கிற இந்த ஊர்க் குழம்பு நன்றாகக் கைவந்துவிட்டது. மைதாவை எண்ணெயில் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை அடுப்பை விட்டு நகராமல் கிளறவேண்டும். அந்த 'ரூ' பிரான்சிலிருந்து வந்த முறை. வெண்டைக்காய், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சமையல். சசஃப்ராஸ் இலைப்பொடி, சோக்டா பழங்குடியினர் கொடுத்தது. எல்லாம் ஒரே சட்டியில் வெந்து சோற்றின்மேல் விழுகிறது. நெல் அறுத்த வயலிலேயே தண்ணீர் கட்டி, இறால் மாதிரி இருக்கிற கிராஃபிஷ் வளர்க்கிறார்கள். அதை வெங்காயம், செலரி, குடமிளகாயோடு வெண்ணெயில் சுண்டவைத்தால் எட்டூஃபே. நீ வந்து சாப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

சாப்பாடு தானாகவே தங்கிவிட்டது, அம்மாடி. மொழி தங்கவில்லை. 1921-இல் வந்த மாநில அரசியல் சட்டம் பள்ளியில் ஆங்கிலம் மட்டும்தான் என்றது. விளையாடும்போது வாய்தவறிப் பிரெஞ்சு பேசிய பிள்ளைகளை, "இனி பிரெஞ்சு பேசமாட்டேன்" என்று திரும்பத் திரும்ப எழுதவைத்தார்கள். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தாங்கள் பட்டது போதும் என்று தங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசினார்கள். இதை நினைத்தாலே எனக்கு மனசு ஆறவில்லை. 1968-இல் மாநில அரசே பிரெஞ்சை வளர்க்க கோடோஃபில் என்ற அமைப்பைத் தொடங்கியது. பிறகு பிரான்ஸ், பெல்ஜியம், கனடாவிலிருந்து ஆசிரியர்களை வரவழைத்தார்கள். இன்று கணக்கையும் அறிவியலையும் பிரெஞ்சிலேயே படிக்கிற குழந்தைகள் இங்கே இருக்கிறார்கள். பாட்டிக்கும் பேரனுக்கும் பிரெஞ்சு தெரியும், நடுவில் இருக்கிற அப்பாவுக்குத் தெரியாது. அப்படியும் வீடுகள் உண்டு.

நம் பேரனுக்கு இட்லி, சாம்பார் எங்கேயும் கிடைத்துவிடும். தமிழ் உன் வாயிலிருந்துதான் கிடைக்கவேண்டும். அவன் ஆங்கிலத்தில் பதில் சொன்னாலும் நீ தமிழிலேயே பேசு.

ஏப்ரல் கடைசியில் வா. 1987-இலிருந்து நடக்கிற ஃபெஸ்டிவல் இன்டர்நேஷனல் என்கிற இசை விழா அப்போதுதான். டவுன்டவுன் வீதிகளிலேயே மேடை போடுவார்கள், பிரெஞ்சு பேசும் பல நாடுகளிலிருந்து பாடகர்கள் வருவார்கள், கட்டணம் கிடையாது. அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு நான் சுற்றிக் காட்டுகிறேன். டிக்கெட் போட்டதும் அம்மாவுக்குத் தேதி சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா